எழுவாய் குடியேறாத ஒன்பது மாடி

கேட்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. அவற்றை அறியாமல் கேட்டால் இது பேய்க்கதை என்று தோன்றும். அத்தகைய கௌரவம் எதுவும் இதற்கு இல்லை.

தமிழ் வினைச்சொல் தன் வாலிலேயே ஆளைச் சுமந்து வரும். 'தள்ளினேன்' என்றால் நான், 'தள்ளினாய்' என்றால் நீ, 'தள்ளினாள்' என்றால் அவள். பெயரைச் சொல்லாமல் விட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஆளை முழுவதுமாக மறைக்க விரும்புகிறவர்களுக்கு மொழியில் ஒரே ஒரு பின்வாசல் உண்டு: 'தள்ளப்பட்டது'. இதைச் செயப்பாட்டு வினை என்பர். அங்கேயும் 'இன்னாரால்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். ஆகவே அலுவலகங்களில் அந்தச் சொல்லைச் சேர்ப்பதில்லை.

அடுத்து அறிய வேண்டியது கட்டடம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. புயலில் படகை இழந்தவர்களும், பருவம் தவறிய மழையில் உப்புப் பாத்திகளை இழந்தவர்களும், கடலில் கணவனை இழந்தவர்களும் மனுக் கொடுப்பதற்கென்று அதைக் கட்டியிருந்தார்கள். கடலோர நிவாரணக் கழகம் என்பது பெயர். ஊரார் மனுக்கட்டடம் என்றார்கள். ஒரு தலைமுறைக்கும் மேலாக, ஒன்பது மாடிகளிலும், ஒரே வாக்கியத்தைத்தான் அங்கிருந்தவர்கள் தட்டச்சு செய்து அனுப்பினார்கள்: 'மனுதாரர் உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறினார்; ஆகவே மனு நிராகரிக்கப்பட்டது.' இந்த வாக்கியத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இதில் முற்றுவினைகள் இரண்டு. தவறியதற்கு ஓர் ஆள் இருக்கிறார், அவர் மனுதாரர். நிராகரித்ததற்கு ஆளே இல்லை. மழையில் துணி நனைவதைப் போல, மனு தானாகவே அந்த நிலையை அடைந்துவிட்டது. அத்தனை மனிதர்கள் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நாள்தோறும் செய்த வேலையைச் செய்தவர் எவரும் இல்லை.

கழகத்தை ஒருநாள் மூடினார்கள். வெறுமையாகக் கிடந்த கட்டடத்தை வீடுகளாக மாற்றுவதற்குச் சென்னையிலிருந்து சாருநேத்ரா என்ற கட்டடக்கலைஞர் வந்தார். இடித்துக் கட்டுவது குற்றம், இருப்பதை மதிப்பதே கலை என்பது அவர் கொள்கை. கொள்கையில் பிழையில்லை, எதை மதிக்கிறோம் என்று பார்த்து மதித்திருக்கலாம். மாடிகளின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டாததால், கூரையிலிருந்து தரைவரை நடுவே சதுரமாக அறுத்தெடுத்து, அதற்கு ஒளிமுற்றம் என்று பெயர் வைத்து, எல்லா வீட்டுச் சமையலறைச் சன்னல்களையும் அதை நோக்கித் திறக்க வைத்தார். மனு வாங்கிய கண்ணாடித் தடுப்புகளை அவற்றின் அரைவட்டத் துளையோடு எடுத்துச் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் நிறுத்தினார். அதன் வழியே பிற்பாடு தோசை கைமாறியது. அதிகாரிகளின் அறைகளைப் பிரித்து நின்ற தேக்குப் பலகைகளை ஒன்றுவிடாமல் கழற்றி, மெருகேற்றி, வீட்டுக்கு வீடு சுவரில் பதித்தார். "இந்தப் பலகைகளுக்கு ஞாபகம் இருக்கு, அதை நாம தொந்தரவு பண்ணக் கூடாது" என்று ஒரு பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்தார். கட்டடத்துக்கு அலைமாடம் என்று புதுப்பெயர் சூட்டினார்.

பலகைகளுக்கு ஞாபகம் இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் காரணம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளலாம்.

முதலில் பால் காய்ச்சியவர் ராஜசிங் என்ற உப்பு வியாபாரி, ஒன்பதாம் மாடி, பின்னால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஆனவர். பால் பொங்கியதும் உறவினர் நடுவே நின்று, சொந்த உழைப்பில் வாங்கினேன் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வெளியே வந்தது இது: "இவ்வீடு சொந்த உழைப்பால் வாங்கப்பட்டது."

"என்ன மச்சான், கல்வெட்டு மாதிரி பேசுதிய" என்றார் அவருடைய மைத்துனர்.

"அவ்வாறு பேசப்பட வேண்டும் என்று கருதப்படவில்லை" என்றார் ராஜசிங், நெற்றி வியர்த்து.

அன்று முதல், அலைமாடத்தில் குடியிருந்த எவருடைய வினைக்கும் அந்தச் சுவர்களுக்குள் ஆள் கிடைக்கவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னாலும், முன்னால் நிற்பவரைப் பற்றிச் சொன்னாலும், மேல்வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாலும் அப்படியே. 'உடைத்தேன்' என்பது 'உடைக்கப்பட்டது' ஆயிற்று. 'நீ மறந்தாய்' என்பது 'மறக்கப்பட்டுவிட்டது' ஆயிற்று. செயப்படுபொருள் வேண்டாத வினைகளை அப்படித் திருப்ப இயலாது என்று இலக்கணம் சொல்லும். பலகைகள் அதற்கும் வழி வைத்திருந்தன. 'தூங்கினேன்' என்ற எளிய சொல் 'உறக்கம் மேற்கொள்ளப்பட்டது' என்று வந்தது. 'வந்தேன்' என்பது 'வருகை தரப்பட்டது' என்று வந்தது. புதிதாக மணமான ஓர் இளைஞன் தன் மனைவியின் காதருகே குனிந்து, "அன்பு செலுத்தப்படுகிறது" என்றான். அவள் வெட்கத்தோடு, "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்றாள்.

இப்படி ஒன்று நேர்ந்தால் மனிதர்கள் அஞ்சுவார்கள், பாதிரியாரையோ மருத்துவரையோ அழைப்பார்கள், வீட்டைக் காலி செய்வார்கள் என்று நினைப்பவர் மனிதர்களைப் பற்றி மிக உயர்வாக நினைப்பவர். அலைமாடத்துக்காரர்கள் ஒரு வாரம் திகைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு இதிலுள்ள வசதி அவர்களுக்கு ஒவ்வொருவராகப் புலப்பட்டது. கண்ணாடிக் குவளை உடைந்த வீட்டில் உடைத்தவர் இல்லை, பால் பொங்கி வழிந்த அடுப்பின் முன் மறந்தவர் இல்லை, வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளைகளும் இல்லை அடித்த தகப்பன்மாரும் இல்லை. மாமியாரைப் பற்றி மருமகளிடமும் மருமகளைப் பற்றி மாமியாரிடமும் மகன் சொல்லிவிட்டதாக எழும் சண்டைகள் 'அவ்வாறு சொல்லப்பட்டது' என்ற அளவில் நின்று ஆறிப்போயின. அயலூரிலிருந்து வந்த விருந்தினர் அந்த வீடுகளின் அமைதியைக் கண்டு பொறாமைப்பட்டார்கள். ஏழாம் மாடியில் இருந்த அமலதாஸ் என்ற வங்கி மேலாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "முப்பது ஆண்டுகளாக எதிர்பார்க்கப்பட்ட நிம்மதி அடையப்பட்டுள்ளது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இதைக் கட்டடத்தின் மரபாகப் பேணுவது என்று தீர்மானமும் இயற்றினார்கள்.

வேலைக்கு வந்துபோகிறவர்களைப் பலகைகள் தீண்டவில்லை. முத்துப்பேச்சி என்ற பெண் மாடிப்படிகளையும் ஒளிமுற்றத்தையும் துடைத்தாள். முத்தையாபுரத்திலிருந்து காலைப் பேருந்தில் வருவாள். வாய் சற்று நீளம். அவள் அந்தச் சுவர்களுக்குள் நின்றே, "நான்தான் வாளிய அங்கன வச்சேன், இப்ப என்னங்கிய?" என்பாள், சொல் ஒரு சேதமும் இல்லாமல் வெளிவரும். குடியிருப்பவர்கள் அவளைப் பற்றிச் சொன்னபோதும் விகுதி பத்திரமாக இருந்தது: முத்துப்பேச்சி சிந்தினாள், முத்துப்பேச்சி மறந்தாள், முத்துப்பேச்சி தாமதமாக வந்தாள். ஒரு கட்டடம் முழுக்க வினை செய்கிற ஆள் அவள் ஒருத்திதான் ஆகிவிட்டாள். மனுதாரருக்கு இருந்த மரியாதை அது. அவளுக்கு வந்து சேர்ந்தது.

வாசலைத் தாண்டினால் மட்டும் நிலைமை வேறு. சாலையின் எதிர்ப்புறம் சொரிமுத்துவின் டீக்கடை. அலைமாடத்துக்காரர் யாராவது அங்கே போய் நின்றால், உள்ளே ஆளை இழந்த வினைகள் எல்லாம் ஆளோடு திரும்பி வந்தன. அதுவும் வரிசையாக அல்ல, எது கனமோ அது முதலில். அது வெளியேறாமல் 'டீ' என்ற சொல்கூட வெளியேறாது. கேட்பதற்கு ஓர் ஆளும் வேண்டும். தனியே கடற்கரையில் நின்று கத்திப்பார்த்தவர்களுக்குக் காற்றுதான் வந்தது.

"அத்தை கொடுத்து விட்ட மக்ரூன நான்தான் ஒளிச்சி வச்சித் தின்னேன்" என்றார் அமலதாஸ் ஒருநாள், கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு. "ரோஸ்லினுக்கு ஒண்ணுகூட வைக்கல."

"சரி, தின்னுட்டிய" என்றான் சொரிமுத்து. "டீக்குச் சீனி போடவா, வேண்டாமா?"

"எட்டாம் மாடிப் பேப்பர நான்தான் படிச்சிட்டு மடிச்சு வைக்கேன்" என்றார் பக்கத்தில் நின்ற ராஜசிங்.

"அண்ணாச்சி, அது ஊருக்கே தெரியும். ஒம்ம விரல்ல இருக்க எண்ணெ பேப்பர்ல இருக்குல்லா."

இப்படிச் சில்லறைப் பாவங்களை இறக்கிவைத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு, இலேசாகத் திரும்பிப் போனார்கள். அந்த நாட்களில் சொரிமுத்துவின் கடையில் நிற்க இடம் இருக்காது. சிலர் இதை ஆன்மிகம் என்றுகூடச் சொன்னார்கள்.

பிறகு ஒரு பகற்பொழுதில் அந்தத் தொட்டி விழுந்தது. பார்த்தீர்களா, தொட்டி விழுந்தது என்று சொல்வது எவ்வளவு எளிது. நடந்ததைச் சொல்கிறேன். அன்று பிற்பகல் கட்டடக்கலை விருதுக் குழுவினர் வருவதாக இருந்தது; ஆகவே எல்லாச் சமையலறைச் சன்னல்களும் திறந்திருந்தன; எல்லாரும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒளிமுற்றத்தின் கருங்கல் தரையை இன்னொரு முறை துடைக்கும்படி ராஜசிங் முத்துப்பேச்சியிடம் சொன்னார். அவள் குனிந்து துடைத்தாள். ஏழாம் மாடியில், சன்னலுக்கு வெளியே நீண்டிருந்த குறுகிய திண்டில் ஒரு சிறிய மண்தொட்டியில் ரோஜாச்செடி இருந்தது. ஈரத்துண்டை விரிக்க இடம் வேண்டி, அமலதாஸ் அதைப் புறங்கையால் ஒதுக்கினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ரோஸ்லின் நின்றாள்.

தொட்டி முத்துப்பேச்சியின் வலத்தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த ஓசை ஒன்பது மாடிக்கும் கேட்டது. அவள் மேலே பார்த்தாள். மேலேயிருந்த முகங்கள் அவளைப் பார்த்தன. பிறகு சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன என்று அலைமாடத்துக்காரர்கள் சொல்வார்கள், சன்னல்கள் சாத்திக்கொள்வதில்லை, அவர்கள் சாத்தினார்கள். சொரிமுத்துதான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, அவளை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். விருதுக் குழுவினர் வருவதற்குள் காவலாளி மண்ணையும் இரத்தத்தையும் கழுவிவிட்டான்.

மறுநாள் சங்கம் அறிவிப்புப் பலகையில் இரண்டு வாக்கியங்கள் ஒட்டியது. 'ஒளிமுற்றத்தில் தொட்டி விழுந்தது. முத்துப்பேச்சி அங்கே நின்றாள்.' இதில் முதல் வாக்கியத்துக்கு எழுவாய் தொட்டி. தொட்டிக்கு மனம் இல்லை, கை இல்லை, வெட்கமும் இல்லை. இரண்டாவது வாக்கியத்துக்கு எழுவாய் ஒரு பெண். ஆக, அந்த நிகழ்ச்சி முழுவதிலும் மனிதர் ஒருவர் செய்த காரியம் ஒன்றே ஒன்று: அவள் நின்றாள்.

விசாரிக்க வந்தவர் மாடசாமி என்ற ஏட்டு. ராஜசிங் அவரை வாசலிலேயே வரவேற்று, கவனமாக உள்ளே அழைத்துப்போய், ஏழாம் மாடியில், தேக்குப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"தொட்டியத் தள்ளுனது யாரு சார்?"

"தொட்டி நகர்த்தப்பட்டது" என்றார் அமலதாஸ்.

"யாரால?"

"இடப் பற்றாக்குறையால்."

ஏட்டு பேனாவை மூடித் திறந்தார். "ஆளச் சொல்லுங்க சார். எந்த ஆளால?"

"தவிர்க்க இயலாத காரணங்களால்."

"சரி, நீங்க எல்லாரும் சன்னல்ல நின்னீங்கல்லா, யாரு பாத்தா?"

"பார்க்கப்பட்டது" என்றார்கள் கூடியிருந்தவர்கள்.

"வெளிய வாங்க சார், ஒரு டீ குடிச்சிட்டுப் பேசுவோம்."

"தேநீர் மருத்துவ ஆலோசனையின்பேரில் நிறுத்தப்பட்டுள்ளது."

"இதுல ஆளுன்னு ஒருத்தர்கூட இல்லையாங்க?" என்று ஏட்டு சலித்துக்கொண்டார்.

"முத்துப்பேச்சி நின்றாள்" என்றார் ராஜசிங். ஒரு கோணலும் இல்லாமல், ஆளோடு வந்த வினையைக் கேட்டு ஏட்டின் முகம் தெளிந்தது. அதை எழுதிக்கொண்டு அவர் போனார்.

முத்துப்பேச்சி மாவுக்கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்தபோது, அலைமாடத்தில் அவளுக்கு வேலை இல்லை. மற்ற அடுக்குமாடிகளில் கேட்டாள். "நின்னவதானே நீ?" என்றார்கள் எல்லா வாசலிலும். கவனமில்லாதவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் ஓடி அந்த ஊரின் கதவுகளைத் தட்டிவிட்டு வந்திருந்தது. அவள் சொல் மட்டும் போதவில்லை; அவளுக்குப் பிழைப்பு திரும்ப வேண்டுமானால், தள்ளினேன் என்று ஒருவராவது, அல்லது பார்த்தேன் என்று ஒருவராவது, ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் சொரிமுத்துவின் கடையில் ஒரு முக்காலியைப் போட்டு, அலைமாடத்தின் வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எத்தன நாளைக்கு இப்படி இருப்ப?" என்றான் சொரிமுத்து.

"டீ குடிக்காம எத்தன நாளு இருப்பாவ?"

"அவுக வீட்லயே போட்டுக் குடிப்பாவ, தாயி."

"வீட்ல குடிச்சா டீதான் உள்ள போவும். உள்ள கெடக்கது வெளிய வராதுல்லா."

அலைமாடத்துக்காரர்கள் ஒருவர்கூட வரவில்லை. வாசலைத் தாண்டி வாயைத் திறந்தால் எந்த வினை முதலில் வரும் என்பது ஒன்பது மாடிக்கும் தெரியும். ஒருவருக்குத் 'தள்ளினேன்', மற்றவர்களுக்கெல்லாம் 'பார்த்தேன்'. ஆகவே அவர்கள் அடித்தளத்திலேயே காரில் ஏறி, கண்ணாடியை உயர்த்திவிட்டுப் போனார்கள், வந்தார்கள். அமலதாஸ் வங்கியில் தொண்டைக்கோளாறு என்று எழுதிக் காட்டிவிட்டு, சைகையாலேயே கிளையை நடத்தினார். அவருடைய நிதானத்தை மேலிடத்தில் பாராட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தார். வேறு ஊருக்குப் போய் முன்பின் தெரியாத எவனிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். எங்கே சொன்னாலும் தூத்துக்குடிக்கு வந்துவிடும் என்று அவர் அஞ்சினார். காய்கறி, மருந்து, மீன், செருப்பு எல்லாம் வீட்டுக்கே வந்தன. ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்காக அறுபது குடும்பங்கள் ஓர் ஊரையே துறந்தன. இதைவிடக் குறைந்த முயற்சியில் சிலர் முனிவர்களாகியிருக்கிறார்கள்.

சாருநேத்ராவை மீண்டும் வரவழைத்தார்கள். சாலையில் கொஞ்சமாவது நடந்து பேச வேண்டும், அதற்கு ஒரு வடிவமைப்பு தேவை என்றார்கள். அவர் மிஞ்சியிருந்த தேக்குப் பலகைகளைக் கொண்டு வாசலிலிருந்து கூரை வேய்ந்த ஒரு நடைபாதை அமைத்தார். "உள்ளுக்கும் வெளிக்கும் நடுவுல ஒரு தயக்கமான இடம்" என்று அதை வருணித்தார். தயக்கத்துக்கு அங்கே குறைவில்லை. நடைபாதை டீக்கடைக்கு எதிரே சாலையோரம்வரை வந்தது, அதற்குள் நின்று பேசினால் வினைகள் ஆளின்றியே வந்தன, அலைமாடத்துக்காரர்கள் மகிழ்ந்து, அங்கிருந்தபடியே டீக்கடையை நோக்கிக் குரல் கொடுத்தார்கள்: "தேநீர் ஒன்று கோரப்படுகிறது."

"யாருக்கு?" என்றான் சொரிமுத்து.

கோரியவர் எவரும் இல்லை. அவன் டீ போடவும் இல்லை. பலகைகள் அத்தோடு தீர்ந்துவிட்டன.

மழைக்காலம் தொடங்கும் முன்பு, மணப்பாட்டில் ரோஸ்லினின் தாய் இறந்தார். அமலதாஸ் வரவில்லை, தொண்டைக்கோளாறு. ரோஸ்லின் தனியே போனாள். தாயைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் அமர்ந்து பெண்கள் அழுதார்கள். ஒரே மகள் வந்துவிட்டாள் என்று வழிவிட்டார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அம்மா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் அந்தச் சொல்லை முந்திக்கொண்டு இன்னொன்று ஏறி வந்தது. அவள் அதை அறிந்தாள். சேலைத் தலைப்பை அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள். பெட்டியை மூடும்வரை, கல்லறையில் மண் தள்ளும்வரை, பெற்ற தாய்க்காக ஓர் ஓசைகூட அவள் எழுப்பவில்லை.

"கல்லு மாதிரி இருக்காளே" என்றாள் ஒரு சித்தி, எல்லாருக்கும் கேட்கும்படி. "டவுன்ல பெரிய மாடியில இருக்கால்லா. அழுதா மூஞ்சி கசங்கிரும்."

திரும்பி வந்த ஆட்டோவை ரோஸ்லின் அலைமாடத்தின் வாசலில் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, சைகை காட்டினாள். ஆட்டோ டீக்கடைமுன் நின்றது. நடைபாதைக்குள் உலாவிக்கொண்டிருந்த ராஜசிங் அவளைப் பார்த்துவிட்டுக் கையை வேகமாக ஆட்டினார். "உள்ளே வருகை தரப்படட்டும், உள்ளே வருகை தரப்படட்டும்" என்றார்.

அவள் முத்துப்பேச்சியின் முன்னால் போய் நின்று, வாயிலிருந்து சேலையை எடுத்தாள்.

"நான் பாத்தேன்" என்றாள். "அவர் தள்ளுனாரு. நான் பின்னால நின்னேன். நீ மேல பாத்த. நான் சன்னலச் சாத்துனேன்."

சொரிமுத்து அடுப்பைத் தணித்தான். முத்துப்பேச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இத்தத் தூக்கிட்டா இத்தன மாசமா உள்ள கெடந்திய? ஒரு மூச்சுக்குப் பத்தலியே, எக்கா."

ரோஸ்லின் தலைகுனிந்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? என் தோளுல விழுந்தது எனக்குத் தெரியாதா? ஏட்டையாகிட்டச் சொல்லணும். வாரியளா?"

"வாரேன்."

ஒரே ஆட்டோவில் போனார்கள். காவல் நிலையத்தில் ஏட்டு மாடசாமி அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "வீட்டுக்கே வந்து வசதியா எழுதிக்கிடட்டுமா, மேடம்?" என்றார்.

"வேண்டாம். இங்கனயே எழுதுங்க. நான் சொல்லுதேன்."

சொன்னாள், எழுதினார், கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபின், நிலையத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா, அம்மா, நான் வந்தேனே, உன்ன நான் கூப்பிடலையே என்று மணப்பாடுவரை கேட்கும்படி அழுதாள். கணவனை மாட்டிவிட்ட துக்கம் என்று ஏட்டு நினைத்துக்கொண்டார். முத்துப்பேச்சிக்கு அவள் தாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேருந்துக்கு நேரமானதும் எழுந்து போனாள்.

பின்னர் உறுதியானவை இவை.

நீதிமன்றத்தில் நடுவர் கேள்வியை முடிக்கும் முன்பே அமலதாஸின் வாயிலிருந்து 'தள்ளினேன்' என்ற சொல் விழுந்தது. அத்தனை மாதங்கள் அவர் காத்த தொண்டை அன்றோடு குணமாகிவிட்டது. கவனக்குறைவுக்குச் சட்டம் விதிக்கும் தண்டனையை நடுவர் அவருக்கு விதித்தார், அது பெரிதல்ல.

ரோஸ்லின் மணப்பாட்டில் தாயின் வீட்டில் இருக்கிறாள். அமலதாஸ் சில ஞாயிறுகளில் போகிறார். அவள் சில ஞாயிறுகளில் கதவைத் திறக்கிறாள், சில ஞாயிறுகளில் திறப்பதில்லை.

சங்கம் தன் அறிவிப்பைத் திருத்தியது. 'முத்துப்பேச்சி அங்கே நின்றாள்' என்பதை அடித்துவிட்டு, 'முத்துப்பேச்சிக்கு அங்கே நிற்க நேர்ந்தது' என்று எழுதியது. மன்னிப்பு என்று அவர்கள் கருதுவது இதுவே.

சாருநேத்ராவுக்கு விருது கிடைத்தது. தன் பழைய வாழ்வை மறக்காத கட்டடம் என்று விருதுக் குழு புகழ்ந்தது. நடைபாதையின் படத்தை மூன்று பத்திரிகைகள் அட்டையில் போட்டன.

மற்ற குடும்பங்களின் 'பார்த்தேன்' இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கார்க் கண்ணாடிகள் உயர்ந்தே இருக்கின்றன. வாடகைக்கு வீடு கேட்டு வருவோர் கூடியிருக்கிறார்கள். வருவோரில் பெரும்பாலோர் உயர் பதவியில் இருப்பவர்கள்.

முத்துப்பேச்சியின் வலக்கை தோளுக்குமேல் உயராது. ஏட்டு எழுதியது ஊரில் பரவியபின், மட்டக்கடைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. ராஜசிங் ஒரு மாலையில் நடைபாதையின் விளிம்புவரை வந்து, காலை ஓர் அங்குலமும் வெளியே வைக்காமல் நின்று, எதிரே பேருந்துக்குக் காத்திருந்த அவளை நோக்கி, "மீண்டும் பணியில் சேருமாறு அழைப்பு விடுக்கப்படுகிறது" என்றார்.

"கூப்பிடுதது யாரு?" என்றாள் அவள்.

அவர் கீழே பார்த்தார். பலகை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் கோடு அவர் செருப்பு நுனியில் இருந்தது. திரும்பி உள்ளே போய்விட்டார். பேருந்து வந்தது, அவள் ஏறினாள்.

முத்துப்பேச்சி போனபிறகு ஒளிமுற்றத்தின் தரையைப் பற்றி அங்கே யாரைக் கேட்டாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "இன்னும் துடைக்கப்படவில்லை."